மின்னஞ்சல் கோப்புகளும் வட்டுத் துண்டுநீக்கமும்: ஓர் அச்சத்தின் வரலாறு

வட்டுத் துண்டுநீக்கம் என்பது கணினியின் வன்தட்டில் பல இடங்களில் சிதறிக் கிடக்கும் ஒரு கோப்பின் பகுதிகளை அடுத்தடுத்த இடங்களுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை ஆகும். பேச்சு வழக்கில் இதை 'டிஃபிராக்' என்றே சொல்கிறோம். 1990களின் பிற்பகுதி தொடங்கி, வீட்டிலும் அலுவலகத்திலும் விண்டோஸ் கணினி வைத்திருந்தவர்களிடம் ஒரு கேள்வி நெடுநாள் இருந்தது: டிஃபிராக் போட்டால் மின்னஞ்சல் கோப்பு கெட்டுவிடுமா? 'கெடாது' என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 'எனக்கே கெட்டது' என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. எந்த ஆண்டில், எந்த இயங்குதளத்தில், எந்த அஞ்சல் மென்பொருளில் என்பதைப் பொறுத்து விடை மாறியது. அந்த மாற்றத்தின் வரலாற்றை இக்கட்டுரை சொல்கிறது.

கோப்பு ஏன் துண்டாகிறது?

ஒரு பொது நோட்டில் தமிழ்ப் பாடக் குறிப்பை முதல் பத்துப் பக்கங்களில் எழுதுகிறோம். பதினோராம் பக்கத்திலிருந்து கணக்குக் குறிப்பு தொடங்கிவிடுகிறது. மறுபடியும் தமிழ் எழுத வேண்டும் என்றால் நாற்பதாம் பக்கத்துக்குப் போய், பத்தாம் பக்கத்தின் கீழே 'தொடர்ச்சி 40இல்' என்று குறித்து வைக்கிறோம். வன்தட்டிலும் இதுவே நடக்கிறது. வட்டு 'கொத்து' எனப்படும் சிறு சிறு அளவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கோப்பு வளரும்போது அடுத்த கொத்து காலியாக இல்லாவிட்டால், இயங்குதளம் வேறோர் இடத்தில் காலிக் கொத்தைத் தேடி அங்கே எழுதிவிட்டு, தொடர்ச்சி எங்கே என்று குறித்துக்கொள்ளும்.

இந்தக் 'தொடர்ச்சி'க் குறிப்புகளின் பட்டியலுக்கு ஃபேட் என்று பெயர். மைக்ரோசாப்டில் பணியாற்றிய மார்க் மெக்டொனால்டு 1977இல் இதை வடிவமைத்தார். 1981இல் ஐ.பி.எம். தனிநபர் கணினியோடு வந்த டாஸ் இயங்குதளம் இதையே பயன்படுத்தியது. ஃபேட் முறையில் ஒரு கோப்பின் பெயரோடு அதன் முதல் கொத்தின் எண் மட்டுமே இருக்கும். இரண்டாவது எங்கே என்பதை முதல் கொத்துக்குரிய கட்டம் சொல்லும், மூன்றாவது எங்கே என்பதை இரண்டாவதற்குரிய கட்டம் சொல்லும். சங்கிலியில் ஒரு கண்ணி தவறினால் அதற்குப் பின்னுள்ள அத்தனையும் போயிற்று. சில சமயம் சங்கிலி அறுபடாமல் இன்னொரு கோப்பின் சங்கிலியோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். அதற்குக் குறுக்குப் பிணைப்பு என்று பெயர். அப்போது கடிதத்தின் நடுவில் படக்கோப்பின் குப்பை எழுத்துகள் தெரியும்.

அஞ்சல் முழுவதும் ஒரே கோப்பில்

சாதாரண ஆவணக் கோப்பு ஒன்று கெட்டால் போவது ஒரு கடிதம். மின்னஞ்சல் கோப்பு அப்படிப்பட்டதன்று. யூனிக்ஸ் இயங்குதளத்தின் தொடக்க நாள்களிலிருந்தே ஒருவருக்கு வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே உரைக்கோப்பில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிச் செல்லும் வழக்கம் இருந்தது. எம்பாக்ஸ் எனப்படும் வடிவம் இதுவே. புதிய கடிதம் வந்தால் கோப்பின் வாலில் சேர்க்கப்படும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1988இல் ஸ்டீவ் டார்னர் எழுதிய யூடோரா என்ற புகழ்பெற்ற அஞ்சல் மென்பொருளும் இந்த வடிவத்தையே பின்பற்றியது. எழுத்தாளர் யூடோரா வெல்டியின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. அஞ்சல் நிலையத்தில் குடியிருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி அவர் எழுதிய சிறுகதை அதற்குக் காரணம். யூடோரா கடிதங்களை ஒரு கோப்பிலும், எந்தக் கடிதம் எத்தனையாவது எழுத்தில் தொடங்குகிறது என்ற பட்டியலை இன்னொரு கோப்பிலும் வைத்தது.

மைக்ரோசாப்டின் அவுட்லுக் 1997இல் வெளிவந்தது. அது ஒருவருடைய கடிதங்கள், முகவரிகள், நாள்காட்டி ஆகிய அனைத்தையும் பி.எஸ்.டி. என்ற ஒரே கோப்பில் வைத்தது. அதே ஆண்டில் வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வேறு மென்பொருள். பெயர் ஒற்றுமையால் இரண்டையும் பலர் இன்றும் குழப்பிக்கொள்கிறார்கள். 1999இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பிலிருந்து ஒவ்வோர் அஞ்சலுறைக்கும் ஒரு டி.பி.எக்ஸ். கோப்பு என்ற முறை ஏற்பட்டது. விண்டோஸ் 98, எக்ஸ்.பி. ஆகியவற்றோடு இலவசமாகவே வந்ததால் நம் ஊரில் வீட்டுக் கணினிகளில் புழங்கியது பெரும்பாலும் இதுதான்.

இத்தகைய கோப்புகள்தாம் வட்டில் மிக மோசமாகச் சிதறுபவை. காரணம் எளிது. நாளுக்கு நான்கு கடிதம் வருகிறது என்றால் கோப்பு நாளுக்கு நான்கு முறை சிறிது சிறிதாக வளர்கிறது. இரண்டு கடிதங்களுக்கு இடையில் இணைய உலாவி நூற்றுக்கணக்கான தற்காலிகக் கோப்புகளை எழுதி, பக்கத்துக் கொத்துகளைப் பிடித்துக்கொள்கிறது. ஓர் ஆண்டு கழித்து ஆய்வு செய்தால், ஆயிரக்கணக்கான துண்டுகளோடு பட்டியலின் உச்சியில் நிற்பது அஞ்சல் கோப்பாக இருக்கும். டிஃபிராக் போடச் சொல்லி மென்பொருள் முதலில் சுட்டிக்காட்டுவதும், பயனர் தொட அஞ்சுவதும் அதே கோப்பு.

டாஸ் காலம்: அச்சத்துக்குக் காரணம் இருந்தது

பீட்டர் நார்ட்டன் வெளியிட்ட நார்ட்டன் யுட்டிலிட்டீஸ் தொகுப்பில் 1980களின் பிற்பகுதியில் ஸ்பீட் டிஸ்க் என்ற கருவி இடம்பெற்றது. 1990இல் அந்த நிறுவனத்தை சைமன்டெக் வாங்கியது. மைக்ரோசாப்ட் 1993இல் வெளியிட்ட எம்.எஸ்.-டாஸ் 6.0இல் சைமன்டெக்கிடம் உரிமம் பெற்ற டிஃபிராக் கட்டளையைச் சேர்த்தது. பணம் கொடுத்து வாங்கினால் மட்டுமே கிடைத்த வசதி அன்று எல்லோர் கைக்கும் வந்தது. ஆபத்தும் கூடவே வந்தது.

அக்காலத்து டிஃபிராக் இயங்குதளத்தைக் கேட்காமல் வட்டில் நேரடியாகக் கை வைத்தது. ஒரு கொத்தைப் படித்து, காலி இடத்தில் எழுதி, பின்னர் ஃபேட் பட்டியலில் சங்கிலியைத் தானே மாற்றியது. அந்த நேரத்தில் வேறொரு நிரல் அதே வட்டில் எழுதினால் இருவரும் ஒரே பட்டியலை இரு விதமாகத் திருத்துவார்கள். விண்டோஸ் ஓடும்போது இக்கட்டளையை இயக்கக்கூடாது என்று கண்டிப்பாக எச்சரித்ததற்கு இதுவே காரணம்.

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. டாஸ் 6.0 உடன் வந்த ஸ்மார்ட்டிரைவ் என்ற நிரல், வட்டில் எழுத வேண்டியதைச் சில நொடிகள் நினைவகத்தில் வைத்திருந்து பிறகு எழுதும். வேகம் கூடும். ஆனால் திரையில் 'சி' குறி வந்துவிட்டதே, வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து ஒருவர் மின்விசையை அணைத்தால், எழுதப்படாமல் நினைவகத்தில் இருந்தது காற்றோடு போகும். எண்ணற்ற பயனர்கள் இப்படிக் கோப்புகளை இழந்து மைக்ரோசாப்ட் மீது புகார் சொன்னார்கள். வட்டில் இரு மடங்கு இடம் தரும் என்று சொல்லப்பட்ட டபுள்ஸ்பேஸ் மீதும் பழி விழுந்தது. அதே ஆண்டின் இறுதியில் வந்த 6.2 பதிப்பில், நினைவகத்தில் உள்ளதை எழுதி முடித்த பிறகே குறி திரும்ப வரும்படி மாற்றினார்கள். வட்டைச் சோதிக்கும் ஸ்கேன்டிஸ்க் கருவியும் அதில்தான் வந்தது.

விண்டோஸ் 95 நீண்ட கோப்புப் பெயர்களைக் கொண்டுவந்தபோது பழைய கருவிகளால் வேறொரு தொல்லை ஏற்பட்டது. டாஸ் கால டிஃபிராக் கருவிகளுக்கு நீண்ட பெயர் என்றால் என்னவென்றே தெரியாது. அவற்றைக் கொண்டு வட்டை ஒழுங்குபடுத்தினால் கோப்பின் உள்ளடக்கம் இருக்கும், பெயர் மட்டும் எட்டெழுத்தாகக் குறுகிவிடும். ஆகவே விண்டோஸ் 95 இத்தகைய நேரடி எழுத்தை இயல்பாகத் தடுத்துவிட்டுத் தன்னுடைய டிஃபிராக் கருவியைத் தந்தது. வண்ணக் கட்டங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். இடையில் ஏதாவது ஒரு நிரல் வட்டில் எழுதினால், உள்ளடக்கம் மாறிவிட்டது என்று சொல்லி முதலிலிருந்து தொடங்கும். அஞ்சல் மென்பொருளைத் திறந்து வைத்திருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய அஞ்சல் பார்க்கப் போய் இதைக் கெடுக்கும். 'டிஃபிராக் போடும்போது அவுட்லுக்கை மூடிவிடு' என்ற அறிவுரை அன்று பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். கோப்பு கெடும் என்பதைவிட வேலை முடியவே முடியாது என்பதுதான் அங்கே உண்மையான இடைஞ்சல்.

இருந்தாலும் விண்டோஸ் 95, 98, எம்.இ. மூன்றும் ஃபேட் வட்டில்தான் ஓடின. அதில் 'இப்போது இந்த மாற்றத்தைச் செய்யப்போகிறேன்' என்று முன்கூட்டிக் குறித்து வைக்கும் குறிப்பேடு கிடையாது. பட்டியலைத் திருத்தும் கணத்தில் மின்சாரம் போனால் சங்கிலி பாதியில் நிற்கும். மின்தடை அன்றாட நிகழ்வாக இருந்த நம் ஊர்களில் இது வெறும் கற்பனை ஆபத்து இல்லை. யு.பி.எஸ். இல்லாத கணினியில் கோடை மாதத்தில் டிஃபிராக் போடாதீர்கள் என்று எங்கள் பள்ளியின் கணினி அறைக்கு வந்த பழுதுபார்ப்பவர் சொல்வார். அவர் சொன்னது சரி.

இயங்குதளமே நகர்த்தத் தொடங்கியது

இக்கதையின் திருப்புமுனை வீட்டுக் கணினியில் நடக்கவில்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளில் ஓடிய வி.எம்.எஸ். இயங்குதளத்தில் நடந்தது. அவை இரவும் பகலும் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்திய பெரிய கணினிகள். டிஃபிராக் போடுவதற்காக அவற்றை நிறுத்திவைக்க முடியாது. கிரெய்க் ஜென்சன் 1981இல் தொடங்கிய எக்ஸிகியூட்டிவ் சாஃப்ட்வேர் நிறுவனம் 1986இல் டிஸ்கீப்பர் என்ற கருவியை வெளியிட்டது. பிறர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே கோப்புகளை ஒழுங்குபடுத்துவது அதன் சிறப்பு. பயன்பாட்டில் உள்ள கோப்பை நகர்த்துவது பாதுகாப்பானதா என்ற விவாதம் அங்கேதான் முதலில் சூடு பிடித்தது. பின்னர் டிஜிட்டல் நிறுவனமே கோப்பை நகர்த்தும் அடிப்படைச் செயலை இயங்குதளத்துக்குள் சேர்த்தது.

வி.எம்.எஸ்.ஸை வடிவமைத்தவர்களுள் ஒருவரான டேவிட் கட்லரே பின்னர் மைக்ரோசாப்டுக்குப் போய் விண்டோஸ் என்.டி.யை உருவாக்கினார். அதன் என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறைமைக்குக் குறிப்பேடு இருந்தது. ஆனால் 1993இல் வந்த முதல் பதிப்பில் டிஃபிராக் கருவி இல்லை, இம்முறையில் அதற்குத் தேவையே இல்லை என்ற எண்ணமும் இருந்தது. எக்ஸிகியூட்டிவ் சாஃப்ட்வேர் மைக்ரோசாப்டிடம் மூல நிரல் உரிமம் பெற்று, என்.டி.யின் உட்பகுதிகளையே திருத்தி, டிஸ்கீப்பரின் முதல் என்.டி. பதிப்பை விற்றது. நிறுவினால் இயங்குதளத்தின் முக்கியக் கோப்புகளே மாறிவிடும். நெடுநாள் இப்படி ஓட்ட முடியாது என்பதால் 1996இல் வந்த என்.டி. 4.0இல் கோப்பை நகர்த்தும் கட்டளைகளை மைக்ரோசாப்டே உள்ளே வைத்தது. அவற்றைப் பற்றி வெளியே ஆவணம் தரவில்லை. மார்க் ருசினோவிச் அவற்றை ஆராய்ந்து எழுதினார். ஒற்றைக் கோப்பை மட்டும் ஒழுங்குபடுத்தும் கான்டிக் என்ற சிறு கருவியையும் இலவசமாகத் தந்தார்.

இந்தக் கட்டளை எவ்வாறு வேலை செய்கிறது என்பதில்தான் நம் கேள்விக்கான விடை இருக்கிறது. டிஃபிராக் நிரல் இனி வட்டைத் தானே தொடாது. 'இந்தக் கோப்பின் இத்தனையாவது கொத்திலிருந்து இத்தனை கொத்துகளை வட்டின் இந்த இடத்துக்கு மாற்று' என்று கோப்பு முறைமையைக் கேட்கும், அவ்வளவே. கோப்பு முறைமை முதலில் புதிய இடத்தில் நகல் எழுதும். நகல் முடிந்த பிறகு, 'கோப்பின் இப்பகுதி இனி அங்கே' என்ற மாற்றத்தைக் குறிப்பேட்டில் பதிந்து பட்டியலைத் திருத்தும். அதன் பின்னரே பழைய இடம் காலி என்று அறிவிக்கப்படும். நடுவில் மின்சாரம் போனால் பழைய பட்டியல் பழைய இடத்தைக் காட்டும், அங்கே பழைய எழுத்து அப்படியே இருக்கும். அஞ்சல் மென்பொருள் அதே கோப்பைத் திறந்து வைத்திருந்தாலும் குழப்பம் இல்லை. அதற்குத் தெரிவது 'கோப்பின் 5,000ஆவது எழுத்து' என்ற கணக்கு மட்டுமே. அது வட்டில் எங்கே இருக்கிறது என்பது கோப்பு முறைமையின் பொறுப்பு. நகர்த்தும் நேரத்தில் எழுத வந்தால், ஒன்று முடிந்தபின் மற்றது என்று வரிசைப்படுத்திவிடும்.

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000இல் டிஸ்கீப்பரின் எளிய வடிவம் ஒன்று இயங்குதளத்தோடு சேர்ந்தே வந்தது. ஜெர்மனியில் இதற்கு எதிர்ப்பு எழுந்தது. ஆனால் கோப்பு கெடும் என்ற அச்சத்தால் அன்று. அக்கருவியை எழுதிய நிறுவனத்தின் தலைவர் சயன்டாலஜி அமைப்பைச் சேர்ந்தவர், நம் கணினியின் உட்பகுதியில் அவர்களுடைய நிரல் எப்படி இருக்கலாம் என்று கேட்டார்கள். கருவியை நீக்கும் வழிமுறையை மைக்ரோசாப்ட் வெளியிட வேண்டியதாயிற்று. ஒரு டிஃபிராக் கருவி அரசியல் செய்தியானது அநேகமாக இந்த ஒரு முறைதான்.

ஒரே பெயரில் வேறொரு வேலை

அப்படியானால் விண்டோஸ் 2000, எக்ஸ்.பி. காலத்திலும் 'டிஃபிராக் போட்டேன், அஞ்சல் போயிற்று' என்று சொன்னவர்கள் ஏன் இருந்தார்கள்? என் பார்வையில் பெரும்பகுதிக் குழப்பம் 'சுருக்கல்' என்ற வேறொரு வேலையால் வந்தது.

அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ஒரு கடிதத்தை நீக்கினால் அது டி.பி.எக்ஸ். கோப்பிலிருந்து உடனே வெளியேறாது. அந்த இடம் காலி என்று குறிக்கப்படும், கோப்பின் அளவு குறையாது. இந்த ஓட்டைகளை நீக்கிக் கடிதங்களை நெருக்கி எழுதும் வேலைக்குச் சுருக்கல் என்று பெயர். டிஃபிராக் கோப்புக்கு வெளியே வேலை செய்கிறது, அதன் ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதில்லை. சுருக்கல் கோப்புக்கு உள்ளே வேலை செய்கிறது, கோப்பையே புதிதாக எழுதுகிறது. தற்காலிகக் கோப்பு ஒன்றை உருவாக்கி, இருக்கும் கடிதங்களை அதில் நகலெடுத்து, பழையதை நீக்கிவிட்டுப் பெயரை மாற்றிவைக்கும். கணினி சும்மா இருக்கும் நேரம் பார்த்துப் பின்னணியில் இது தானாகவே நடந்தது. பயனர் அந்த நேரத்தில் கணினியை அணைத்தாலோ, வைரஸ் தடுப்பு நிரல் கோப்பைப் பிடித்துக்கொண்டாலோ, உள்பெட்டி முழுவதும் வெறுமையாகத் தெரியும்.

2004இல் வந்த எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 2இல் மைக்ரோசாப்ட் இதை மாற்றியது. பின்னணிச் சுருக்கலை விட்டுவிட்டு, மென்பொருளை நூறு முறை மூடியபின் 'இப்போது சுருக்கட்டுமா?' என்று கேட்கத் தொடங்கியது. சுருக்குமுன் பழைய கோப்பின் நகலைக் குப்பைத் தொட்டியில் போட்டுவைத்தது. அந்த நகலே பலருடைய கடிதங்களைக் காப்பாற்றியது. அந்தக் கேள்வியைப் பார்த்து எரிச்சலடைந்தவர்கள் அதற்கு முன்பு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அறியாதவர்கள்.

இரண்டாவது குற்றவாளி 2 கிகாபைட் எல்லை. பழைய வடிவிலான பி.எஸ்.டி. கோப்பு அந்த அளவைத் தாண்டக்கூடாது. தாண்டியபோது எச்சரிக்கை வராமல், ஒரு நாள் காலையில் கோப்பு திறக்க மறுத்தது. அதைச் சரிசெய்ய மைக்ரோசாப்ட் ஒரு கருவி தந்தது. அது கோப்பின் வாலை வெட்டி எல்லைக்குள் கொண்டுவரும், வெட்டிய பகுதியில் இருந்த கடிதங்கள் திரும்பாது. அவுட்லுக் 2003இல் புதிய வடிவம் வந்து எல்லை 20 கிகாபைட்டாக உயர்ந்தது, 2010இல் 50 ஆயிற்று. கோப்பு பெருத்துக் கணினி மெதுவாகும்போதுதான் ஒருவர் டிஃபிராக் போடுகிறார். அடுத்த வாரம் கோப்பு எல்லையைத் தாண்டித் திறக்காமல் போனால் கடைசியாகச் செய்த வேலையின் மீது பழி விழுவது இயல்பு.

மூன்றாவது காரணம் இன்னும் எளியது. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் தன் கோப்புகளை 'டாகுமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' உறைக்குள், இயல்பாகக் கண்ணுக்குத் தெரியாத ஓர் உள்ளுறையில் வைத்திருந்தது. என் நண்பர் ஒருவர், அவரும் ஆசிரியர், வெளிநாட்டிலிருந்த மகனுடைய மூன்றாண்டுக் கடிதங்களை இப்படி இழந்தார். கணினி மெதுவாகிவிட்டது என்று கடைக்குக் கொடுத்தார். கடைக்காரர் டிஃபிராக் போட்டுப் பார்த்துவிட்டு, பயன் இல்லை என்று சி வட்டை ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி நிறுவினார். 'மை டாகுமென்ட்ஸ்' உறையை மட்டும் கவனமாக நகலெடுத்து வைத்திருந்தார். நண்பர் பல ஆண்டுகள் டிஃபிராக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

நிறுவனங்களில் இதே பெயர்க் குழப்பம் இன்னும் பெரிய அளவில் நடந்தது. மைக்ரோசாப்டின் எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் வழங்கியில் தரவுத்தளத்துக்குள்ளேயே ஒரு டிஃபிராக் உண்டு. இரவு நேரப் பராமரிப்பில் நடப்பது ஒன்று. தரவுத்தளத்தை நிறுத்திவைத்து ஈஸ்யுடில் என்ற கட்டளையால் செய்வது இன்னொன்று. பின்னது முழுத் தரவுத்தளத்தையும் புதிய கோப்பாக எழுதும், அதற்குத் தரவுத்தளத்தின் அளவைப்போல் 110 விழுக்காடு காலி இடம் வேண்டும். முடிந்த உடனே புதிய முழுக் காப்பு நகல் எடுத்தாக வேண்டும். இதற்காகச் சொல்லப்பட்ட எச்சரிக்கைகளை வீட்டுக் கணினியின் வட்டு டிஃபிராக்குக்கும் பொருத்திப் பேசியவர்கள் உண்டு.

மெய்யான ஆபத்துகள்

வட்டு டிஃபிராக் எந்நிலையிலும் தீங்கற்றது என்று சொல்லிவிட முடியாது. வட்டே பழுதாகத் தொடங்கியிருந்தால், நாள்கணக்கில் தொடாமல் கிடந்த கொத்துகளையெல்லாம் அது படித்து வேறிடத்தில் எழுதும். ஓய்ந்துபோன வட்டுக்கு அது கடைசி அடியாக அமையலாம். நினைவகச் சில்லில் கோளாறு இருந்தால், நகர்த்தப்படும் ஒவ்வொரு கொத்தும் அந்தச் சில்லின் வழியாகத்தான் போகிறது. கெட்டுப்போன எழுத்தையே நல்லதென்று நம்பிப் புதிய இடத்தில் எழுதிவிடும். என்.டி.எஃப்.எஸ். குறிப்பேடு பட்டியலைக் காக்குமே தவிர உள்ளடக்கத்தைச் சரிபார்க்காது. எழுதாமலே 'எழுதிவிட்டேன்' என்று சொல்லித் தன் இடைநினைவகத்தில் வைத்துக்கொள்ளும் வன்தட்டுகளும் இருந்தன. மின்தடையில் அவற்றை முழுதாக நம்ப முடியாது.

பலர் அறியாத இன்னொன்று நிழல் நகல் தொடர்பானது. விண்டோஸ் சர்வர் 2003 முதல், கோப்பின் முந்தைய நிலைகளைத் தானாகப் பாதுகாக்கும் வசதி இருக்கிறது. கொத்தின் அளவு 16 கிலோபைட்டுக்குக் குறைவாக இருக்கும் வட்டில் டிஃபிராக் போட்டால், நகர்த்திய ஒவ்வொன்றையும் அந்த வசதி புதிய மாற்றமாக எண்ணும். அதற்கு ஒதுக்கிய இடம் நிரம்பி, பழைய நிழல் நகல்கள் தாமாகவே நீங்கும். இயல்பான கொத்தின் அளவோ 4 கிலோபைட்தான். அஞ்சல் கோப்பு கெடாது, ஆனால் கெட்டால் திரும்ப எடுக்க வைத்திருந்த நகல் போய்விடும். தவறி அழித்த கோப்பை மீட்க நினைப்பவர்களுக்கும் இதே கதைதான். காலி என்று குறிக்கப்பட்ட இடத்தில் இன்னும் கிடக்கும் பழைய கடிதங்களின் மேல் டிஃபிராக் வேறு கோப்புகளைக் கொண்டுவந்து எழுதிவிடும்.

இவ்வளவு பாடுபட்டதற்குப் பயன் இருந்ததா?

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கும். தேவையான இடம் சராசரியாக அரைச் சுற்றில் வந்து சேரும், 4 மில்லிநொடி. தலை நகர ஏறத்தாழ 9 மில்லிநொடி. ஆக ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ 13 மில்லிநொடி. 64 மெகாபைட் அளவுள்ள துண்டைப் படிக்கவே அக்காலத்து வட்டுக்கு ஒரு நொடிக்குமேல் ஆகும். அந்த ஒரு நொடியோடு 13 மில்லிநொடி சேர்வதால் குடி முழுகாது. 2007இல் வந்த விஸ்டாவின் டிஃபிராக் 64 மெகாபைட்டைவிடப் பெரிய துண்டுகளைக் கண்டுகொள்ளாமல் விட்டது இதனால்தான். 4 கிலோபைட் துண்டுகளாகச் சிதறியிருந்தால் கதை வேறு. அங்கே தாவும் நேரமே எல்லாம்.

ஆனால் அஞ்சல் கோப்பை யாரும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படிப்பதில்லை. பி.எஸ்.டி. கோப்பின் அமைப்பை மைக்ரோசாப்ட் 2010இல் வெளியிட்டபோது, உள்ளே மரம்போல் கிளைக்கும் இரண்டு அட்டவணைகள் இருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு கடிதத்தைத் திறக்க அட்டவணையில் ஓரிடம், தலைப்புக்கு ஓரிடம், இணைப்புக்கு ஓரிடம் என்று கோப்புக்குள்ளேயே தாவ வேண்டும். வட்டில் கோப்பு ஒரே நீட்டாக இருந்தாலும் இந்தத் தாவல் குறையாது. ஆகவே மெதுவான அவுட்லுக்குக்கு டிஃபிராக் கொடுத்த பயன் பலர் எதிர்பார்த்த அளவு இருக்கவில்லை. பழைய கடிதங்களை வேறொரு கோப்புக்கு மாற்றியவர்கள் அதைவிட அதிகப் பயன் கண்டார்கள்.

விஸ்டா புதன்கிழமை நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குத் தானாக டிஃபிராக் போடும்படி அமைக்கப்பட்டது. வண்ணக் கட்டங்களும் போய்விட்டன. மின்னஞ்சல் கோப்பைப் பயனர் அறியாமலே வாரந்தோறும் விண்டோஸ் நகர்த்திக்கொண்டிருந்தது, அதனால் பெரிய அழிவு எதுவும் நேரவில்லை. பிறகு சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி. வந்தது. அதில் தலையும் இல்லை, தாவலும் இல்லை. எழுத எழுதத் தேயும் இயல்பு மட்டும் உண்டு. 2009இல் வந்த விண்டோஸ் 7 அவற்றுக்குத் தானியங்கி டிஃபிராக்கை நிறுத்தியது. 2012இல் விண்டோஸ் 8 கருவியின் பெயரையே 'ஆப்டிமைஸ்' என்று மாற்றி, எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் காலியான இடங்களை அதற்குத் தெரிவிக்கும் டிரிம் கட்டளையை அனுப்பும் வேலையை அதற்குக் கொடுத்தது.

இன்று இந்தக் கேள்வி எழுவது பெரும்பாலும் பரணிலிருந்து இறக்கிய பழைய கணினிகளில்தான். ஒருங்குறி பரவுமுன் டிஸ்கி, டாப் போன்ற குறியேற்றங்களில் தமிழில் எழுதிய கடிதங்கள் இன்னும் அத்தகைய டி.பி.எக்ஸ். கோப்புகளில் கிடக்கின்றன. அப்படி ஒன்று கையில் கிடைத்தால் டிஃபிராக்கும் வேண்டாம், சுருக்கலும் வேண்டாம், அந்த வட்டிலிருந்து விண்டோஸைத் தொடங்கவும் வேண்டாம். வட்டைக் கழற்றி வேறொரு கணினியோடு யு.எஸ்.பி. இணைப்பில் பொருத்தி, மறைந்த உறைகளைக் காட்டும்படி அமைத்து, 'ஐடென்டிட்டீஸ்' என்ற உறையைத் தேடி, அதை முழுவதும் நகலெடுத்த பிறகு அந்த நகலைத் திறந்து பார்க்கலாம்.